மூங்கில்கலையில் அறிவுப் பெயர்ச்சி

மூங்கில்கலைத் தோட்டத் தமிழ் வித்தியாலயத்துக்கு டிஜிட்டல் நூலகம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கூடவே நான்கு பூட்டுகளும் வந்தன. வேனிலிருந்து முதலில் இறங்கியது பூட்டுகள்தான்.

அக்கரப்பத்தனையிலிருந்து மேலே ஏறும் பாதையில் வேன் இரண்டு இடத்தில் சேற்றில் புதைந்தது. மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து தள்ளிவிட்டார்கள். அரிசியானாலும் அறிவானாலும் அந்தப் பக்கத்துக்கு எதுவும் தள்ளிவிட்டால்தான் வரும்.

வேனுக்குள்ளிருந்து பணிப்பாளர் அந்தோனிமுத்து இறங்கினார். டிஜிட்டல் அறிவுப் பெயர்ச்சிப் பிரிவு என்று புதிதாக ஒன்று தொடங்கியிருந்தார்கள்; அதற்கு இவர்தான் தலை. சனிப்பெயர்ச்சியும் குருப்பெயர்ச்சியும் பார்த்துப் பழகிய சனங்களுக்கு இது இன்னொரு பெயர்ச்சி. எந்த ராசிக்கு ஆகும், எந்த ராசிக்கு ஆகாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் திலக்ஷன், டெப் என்கிற கைக்கணினி இருபது அடங்கிய பெட்டியைத் தலைப்பிள்ளையைத் தூக்குகிறவர் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

பாடசாலை அதிபர் சோலைமலை மாலையோடு ஓடினார். அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது. அந்தக் கொஞ்சக் காலத்தை எந்த அதிகாரியின் கண்ணையும் உறுத்தாமல் கழித்துவிட வேண்டும் என்பதே அவருடைய கல்விக் கொள்கை.

நூலகப் பொறுப்பு யூஜினா டீச்சரிடம் இருந்தது. வருட ஆரம்பக் கூட்டத்தில் வேலைகளைப் பங்கு போட்ட அன்று, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டீச்சர் லீவு. வராதவர் தலையில் நூலகத்தைக் கட்டுவது எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவான மரபு; கட்டினார்கள். கட்டிய பிறகு டீச்சருக்கு அது பிடித்துப்போனது. மொத்தம் நான்கு அலுமாரி. கொழும்பில் யாரோ வீடு மாறும்போது கழித்துக் கொடுத்தவை, ஏதோ ஒரு சங்கம் பெட்டியில் போட்டு அனுப்பியவை, ஈரம் தின்று மிச்சம் வைத்தவை என்று எல்லாம் கலந்து கிடந்தன. டீச்சர் ஒவ்வொன்றையும் வெயிலில் காயவைத்து, அட்டை ஒட்டி, அடுக்கி வைத்தார்.

அந்த அலுமாரிகளை நம்பிப் படித்துக்கொண்டிருந்தவள் பிரேமினி. உயர்தரம், கலைப்பிரிவு. அம்மா வீரம்மா கொழுந்து பறிக்கிறவர். புவியியல், வரலாறு, தமிழ் என்று பாடத்துக்கு ஒன்றாக மூன்று தடித்த புத்தகங்கள் அலுமாரியில் இருந்தன. ஹட்டனில் டியூஷன் போகிற பிள்ளைகளுக்குக் கிடைப்பதெல்லாம் அந்த மூன்றுக்குள்ளேயே இருந்தது. பிரேமினி அவற்றை மாறிமாறி வீட்டுக்கு எடுத்துப் போவாள். மூங்கில்கலையிலிருந்து இதுவரை யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை. போனால் இவள்தான் போவாள் என்று டீச்சர் மனதுக்குள் முடிவே கட்டியிருந்தார். பரீட்சை நவம்பரில்.

பணிப்பாளர் நூலக அறைக்குள் வந்தார். திலக்ஷன் நான்கு அலுமாரிகளுக்கும் நான்கு பூட்டுகளைப் போட்டு, அரக்கு உருக்கி முத்திரையும் வைத்தார்.

"சேர், பூட்டு எதுக்குங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி இருக்க முடியாது டீச்சர். புத்தகம் கண்ணுல பட்டா பிள்ளை அதை எடுத்துப் படிச்சிடும். அப்புறம் எப்படி டிஜிட்டலுக்கு மாறும்?"

"படிச்சா நல்லதுதானேங்க சேர்?"

பணிப்பாளர் சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் அவருக்குக் கோபம் வராது, பரிதாபம்தான் வரும்.

"படிக்கிறது வேற, டிஜிட்டலா படிக்கிறது வேற. காகிதத்துல படிச்சா யாரு படிச்சா, எத்தன பக்கம் படிச்சான்னு எங்க ஒபீஸுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாத படிப்பு படிப்பே இல்ல."

பிரேமினியின் மூன்று புத்தகங்களை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று டீச்சர் கெஞ்சினார். பரீட்சை வருகிறது, ஒரே ஒரு பிள்ளை, மூன்றே மூன்று புத்தகம். பணிப்பாளர் அன்போடு மறுத்தார். பிரிவு குறித்துக் கொடுத்த வாசிப்பு இலக்கைப் பாடசாலை எட்டட்டும் என்றார். எட்டிய அன்றைக்கே அலுமாரிகளைத் தானே வந்து திறப்பதாக வாக்குக் கொடுத்தார். மதிய விருந்தில் கோழிக் கால் இரண்டும் அவர் தட்டுக்கே போயின.

அடுத்த நாளே நூலகம் இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும். டெப்பைத் திறக்கப் பிள்ளையின் முகத்தைக் காட்ட வேண்டும். குளிருக்குக் குல்லா போட்ட முகத்தை டெப் அறியாது. குல்லாவைக் கழற்றினால் டெப்புக்கு ஆளைத் தெரியும், பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும். ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான் அடுத்த சங்கதி தெரிந்தது: பாடசாலைக்குள் எந்த மூலையிலும் சிக்னல் இல்லை.

தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் கொழுந்து மடுவம். பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கும் அந்தத் தகரக் கொட்டகை மேட்டில் இருந்ததால், எங்கிருந்தோ இரண்டு கோடு சிக்னல் அங்கே எட்டிப் பார்க்கும். ஆகவே நூலகம் கொழுந்து மடுவத்துக்குப் போயிற்று. தினமும் பிள்ளைகள் டெப்பைப் பாலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு தேயிலை மலையில் ஏறினார்கள். ஒரு பக்கம் தாய்மார் கொழுந்து நிறுத்தார்கள், மறுபக்கம் பிள்ளைகள் அறிவு தேடினார்கள்.

பிரேமினி தன் மூன்று புத்தகங்களையும் டெப்பில் தேடினாள். இருந்தன. மூன்றும் பளபளவென்று வந்து நின்றன. அட்டைக்கு அப்பால் போக முடியவில்லை. டீச்சர் அங்கிருந்தே திலக்ஷனுக்குப் போன் பண்ணிக் கேட்டார்.

"தமிழ்ப் புத்தகத்துக்கு முதல் கட்டத்துல அட்டை மட்டுந்தான் மிஸ். உள்ள இருக்கிறது ரெண்டாங் கட்டம்," என்றார் திலக்ஷன்.

"ரெண்டாங் கட்டம் எப்ப?"

"மொதல் கட்டத்தோட வெற்றியப் பாத்துட்டுத் தீர்மானிப்பாங்க. அதுக்கென்ன மிஸ், அட்டையப் பெருசாக்கிப் பாக்கலாம், சின்னதாக்கியும் பாக்கலாம். கடதாசிப் புத்தகத்துல அந்த வசதி இல்லையே."

முழுதாகத் திறந்த புத்தகங்கள் சிலவும் இருந்தன. அவற்றில் படம் இல்லாததால் அந்த இரண்டு கோடு சிக்னலுக்கும் தடங்கல் இல்லாமல் வந்தது ஒன்றே ஒன்றுதான். அது இறால் வளர்ப்பைப் பற்றிச் சிங்களத்தில் எழுதிய நூல். கடலிலிருந்து அவ்வளவு உயரத்தில், மழைக்கும் பனிக்கும் நடுவே, மூங்கில்கலைப் பிள்ளைகள் இறாலின் பருவங்களைப் பற்றி அறியத் தலைப்பட்டார்கள்.

இந்த நேரத்தில் பிரிவிலிருந்து பாடசாலைக்குப் பார்சல்கள் வரத் தொடங்கின. காகிதத்தை எப்படிக் கைவிடுவது என்று விளக்கும் கைநூல், மூன்று மொழியில், ஆளுக்கொன்று. சுவரில் ஒட்ட வண்ணப் போஸ்டர். கண்காணிப்புப் படிவம், அதைக் கண்காணிக்க இன்னொரு படிவம். எல்லாம் வழுவழுப்பான கனத்த தாள்; எல்லாவற்றின் அட்டையிலும் பணிப்பாளரின் சிரித்த முகம். வைக்க இடமில்லாமல் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் அடுக்கினார்கள். அங்கே விஞ்ஞானப் பொருள் எதுவும் கிடையாது, அதனால் இடம் தாராளமாக இருந்தது.

முதல் மாத முடிவில் வாசிப்புக் கணக்கில் மாகாணத்திலேயே கடைசி இடம் மூங்கில்கலைக்கு. மடுவத்தில் நின்ற டீச்சரிடம் பணிப்பாளர் போனில் கேட்டார்: "டீச்சர், உங்க பிள்ளைங்களுக்கு வாசிப்புத் தாகமே கிடையாதா?"

டீச்சருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரேமினி பழைய நோட்டுகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் இரண்டு தடவை பூட்டின் முன்னால் போய் நின்று பார்த்தார். அரக்கை உடைத்தால் அரசாங்கச் சொத்துக்குச் சேதம், வேலை போகும். வீட்டில் உலை வைப்பதே அந்தச் சம்பளத்தில்தான். திரும்பி வந்தார்.

அன்று மடுவத்தில் வீரம்மா சாக்கை இறக்கி வைத்துவிட்டு மகள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"இதுல எத்தன பக்கம் எடுத்தா ஒரு பேருங்க டீச்சர்?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து வந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம். டீச்சர் விளக்கினார்: பிள்ளைக்கு நாளொன்றுக்கு நாற்பது பக்கம்.

"அப்ப நம்ம புள்ளைங்களுக்கு இத்தன நாளும் அரப் பேர்தான் விழுந்திருக்கு," என்றார் வீரம்மா. "படிச்சாங்களா இல்லையான்னு யாரு பாக்குறா?"

"யாரும் பாக்கலம்மா," என்றாள் பிரேமினி. அவள் அலுப்பில் இறால் புத்தகத்தை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். மேலே மூலையில் பக்கக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. அவள் நிமிர்ந்தாள். "டீச்சர், இது நாம படிக்கிறத எண்ணல. வெரலத்தான் எண்ணுது."

டீச்சர் வாங்கிப் பார்த்தார். பிள்ளை சொன்னது சரி. ஒரு வரி படிக்க வேண்டியதில்லை. பக்கத்தைத் தள்ளினால் வாசித்ததாகக் கணக்கு. இது ஏமாற்று வேலை அல்லவா என்று அவருக்குச் சுருக்கென்றது. உடனே ஆய்வுகூடத்தில் கிடக்கும் கைநூல் நினைவுக்கு வந்தது. 'வாசிப்பு என்பது ஒரு பயனாளி ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு நகர்வதாகும்' என்று பிரிவே அதில் எழுதி வைத்திருந்தது. பிரிவை விட வாசிப்பைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும்?

மறுநாளிலிருந்து மூங்கில்கலையில் வாசிப்பு பிடித்துக்கொண்டது. பிரேமினிதான் முன்னால் நின்றாள். அவளுக்கு அலுமாரி திறக்க வேண்டும். இரண்டு கையாலும் இரண்டு டெப், தாய்மார் இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிற அதே வேகம். சின்னப் பிள்ளைகள், கொழுந்து பறிக்க ஆளுக்கொரு வரிசை எடுப்பது போல், நிரை பிடித்துக்கொண்டார்கள். "ஏய், ஒன் நெரையில பக்கம் நிக்குது, சுத்தமா எடு," என்று ஒருவரையொருவர் விரட்டினார்கள். கொழுந்து நிறுத்துவிட்டுக் காத்திருக்கும் தாய்மாரும் சும்மா இருக்காமல் ஆளுக்கு ஐம்பது பக்கம் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்த வட்டாரத்தில் இறால் வளர்ப்பு நூலை அந்த மாதம் தொடாத விரல் இல்லை.

கடைசி இடத்திலிருந்த பாடசாலை முதலிடத்துக்கு வந்தது. இலக்கைத் தாண்டி, அடுத்த வருடத்து இலக்கையும் தாண்டியது. பணிப்பாளர் மறுபடி வேனில் வந்தார். இந்த முறை கமராக்காரர்களும் வந்து புதைந்தார்கள். பேண்ட் வாத்தியம், மாலை, மங்கள விளக்கு, இரண்டு மணி நேரக் கூட்டம். டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து, மேடையோரம் கொண்டுவந்து வைத்திருந்த அலுமாரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமினி பக்கத்தில் ஒரு வெறும் பையை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பிள்ளைகளின் வாசிப்பை எமது பிரிவு நுணுக்கமாக ஆராய்ந்தது," என்று பணிப்பாளர் மேடையில் முழங்கினார். "இவர்களுடைய நெஞ்சம் எதற்காகத் துடிக்கிறது? புவியியலுக்காக அல்ல. இலக்கியத்துக்காக அல்ல. இறாலுக்காக! தரவு பொய் சொல்லாது. ஆகவே இந்தப் பாடசாலைக்கு ஓர் இறால் தொட்டி ஒதுக்கப்பட்டிருக்கிறது."

அதிபர் எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார். குளிர் காற்று வந்து கூடாரத்தைத் தூக்கியது. மிஞ்சியவர்களும் உடம்பு சூடேறட்டும் என்று தட்டினார்கள்.

"இலக்கை எட்டியதும் அலுமாரி திறக்கப்படும் என்று சொல்லியிருந்தேன். சொன்ன சொல் தவற மாட்டேன்."

திலக்ஷன் அரக்கை உடைத்தார். நான்கு பூட்டுகளும் திறந்தன. பிரேமினி பையோடு ஓரடி முன்னே வந்தாள்.

"இனி இந்தப் புத்தகங்கள் இந்தப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்பதை அவர்களே நிரூபித்துவிட்டார்கள்," என்றார் பணிப்பாளர். "வருகிற வெள்ளிக்கிழமை இவை எல்லாம் கழிவுக் காகிதமாக அகற்றப்படும். நாட்டிலேயே முதலாவது காகிதமற்ற தோட்டப் பாடசாலை இதுதான்."

கூட்டம் முடியும்வரை பொறுக்க டீச்சரால் முடியவில்லை. எழுந்து நின்றே கேட்டார்.

"சேர், அந்த மூணு புத்தகமாவது... பிள்ளைக்கு அடுத்த மாசம் பரீட்ச. டெப்புல அட்ட மட்டுந்தான் இருக்கு."

பணிப்பாளர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கியே வந்துவிட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. கமராவும் கிட்ட வந்தது.

"டீச்சர், நானும் லயத்துல பிறந்தவன்தான். குப்பி லாம்பு வெளிச்சத்துல, இரவல் புத்தகத்தை விடிய விடியப் படிச்சுத்தான் இந்தப் பதவிக் கதிரைக்கு வந்தேன். அந்தக் கஷ்டம் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். எனக்குப் பிறகு இன்னொருத்தன் அப்படிப் படிச்சு மேல வரக் கூடாதுங்கிறதுதான் என் வாழ்நாள் இலட்சியம்."

கூட்டம் உருகிப் போய்க் கைதட்டியது. டீச்சர் உட்கார்ந்தார். வேறென்ன செய்வது?

அகற்றும் வேலைக்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பாடசாலையும் எத்தனை கிலோ காகிதத்திலிருந்து விடுதலை பெற்றது என்று அறிக்கையில் போட வேண்டும். திலக்ஷன் நாலு புத்தகத்தை நிறுத்து, அலுமாரியை அளந்து, ஓர் எடையைக் கணக்கிட்டிருந்தார். அந்த எடைக்குக் குறையாமல் லொறியில் ஏற வேண்டும். சேற்றில் லொறி மேலே வராது; கீழே பாதை வளைகிற முடக்கில்தான் நிற்கும். ஆகவே பெற்றோர் சிரமதானமாக வந்து சுமந்து இறக்க வேண்டும் என்று அதிபருக்குச் சுற்றறிக்கை வந்தது, மூன்று பிரதிகளில்.

செய்தியைச் சொல்ல டீச்சர் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் போனார். வீரம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பிரேமினி வெளியே வரவேயில்லை. கேட்ட எடையையும் மூன்று நாள் கெடுவையும் டீச்சர் சொன்னார்.

"எடதான கேக்குறாங்க?" என்றார் வீரம்மா.

"எடைதான்."

"எடையில என்னா இருக்குன்னு கேக்கலயே?"

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். வீரம்மா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அந்த ஆளு மொகம் போட்ட கடதாசி ஒரு ரூம்பு நெறைய கெடக்கு. புள்ளைங்க சொல்லிச்சு. கனமான கடதாசியாம்."

டீச்சருக்குப் பயம் வந்தது. நன்றாகவே வந்தது. மாட்டினால் விசாரணை, இடமாற்றம், என்ன வேண்டுமானாலும் ஆகலாம். ஆனால் 'நானே திறக்கிறேன்' என்று சொல்லித் திறந்து காட்டிய அந்த அலுமாரி கண்முன்னே நின்றது. பையோடு முன்னே வந்த பிள்ளையும் நின்றாள். பயத்தை விட ஆத்திரம் ஒரு பிடி அதிகமாக இருந்தது.

"வியாழக்கிழமை சாயந்தரமே ஆய்வுகூடத்துல இருக்கிறத லயத்துக்குக் கொண்டு வந்திருங்க," என்றார். "நான் கதவத் தெறந்து வச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை காலையில் பெண்கள் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்பது போல் வரிசையாய் வந்து நின்றார்கள், கையில் கொழுந்துச் சாக்கு. பணிப்பாளர் முதல் சாக்கில் தன் கையால் ஒரு புத்தகத்தைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு குளிருக்கு இதமாக அதிபரின் அறையில் சாப்பிடப் போனார். திலக்ஷனும் அவரோடு போனார். பாதையோ லயத்து வாசல் வழியாகத்தான் கீழே இறங்கியது. சாக்கு லயத்துக்குள் ஒரு வாசலால் போகும், இன்னொரு வாசலால் வரும். போகும்போது புத்தகம், வரும்போது பணிப்பாளர். அதிபர் சாப்பாட்டுக்கு நடுவே ஒருதரம் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு திரைச்சீலையை இழுத்து விட்டு, "சேருக்கு இன்னுங் கொஞ்சம் சோறு," என்றார். அவர் சேவைக் காலத்தில் செய்த பெரிய காரியம் அதுதான்.

பாதை முடக்கில் லொறியோடு நின்றவர் ஹமீத் நானா. அக்கரப்பத்தனை டவுனில் பழைய காகிதமும் போத்தலும் வாங்குகிறவர். சாக்கைத் தராசில் போட்டு நிறுத்து, ஒன்றைப் பிரித்துக் கைவிட்டு அட்டையைப் பார்த்தார். பணிப்பாளர் சிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். அங்கேயும் அவரே சிரித்தார்.

ஹமீத் நானா, சாக்குகளோடு கூடவே இறங்கி வந்திருந்த டீச்சரைப் பார்த்தார்.

"இது நாங்க எதிர்பார்த்த சாமான் இல்லையே டீச்சர்."

"காகிதந்தாங்களே நானா."

"காகிதந்தான். ஆனா வழுவழுப்பா இரிக்கி. வட சுத்தக்கூட ஆகாது, எண்ணெய உறிஞ்சாது." அவர் சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினார். "எட சரியா இரிக்கி. எனக்கு எடதான் சொல்லியிரிக்காங்க."

எடைச் சிட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு லொறியை எடுத்தார். பாடசாலை வளவுக்குள் ஒரு காகிதப் புத்தகம்கூட இல்லை என்று அதிபர் அத்தாட்சி எழுதினார். அவர் மனச்சாட்சிக்கு அதில் குறையொன்றும் இல்லை. பாடசாலை வளவுக்குள் உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

புத்தகங்கள் லயத்தில் வீட்டுக்குக் கொஞ்சமாய் இருந்தன. கதைப் புத்தகம் வேண்டிய பிள்ளை லயத்துக் கோடியிலிருந்த காம்பிரா வீட்டுக்குப் போனது, அகராதி வேண்டியது கோழிக்கூட்டுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனது. முகம் காட்ட வேண்டியதில்லை, குல்லாவோடு போகலாம். பரீட்சைக்கு வேண்டியதெல்லாம் பிரேமினியின் வீட்டில் கட்டிலுக்கு மேலே ஒரு பலகையில் அடுக்கியிருந்தது. அவள் விட்ட நாட்களையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரிப் படித்தாள். சாயந்தரங்களில் டீச்சர் வந்து அவளோடு உட்கார்ந்து பழைய வினாக்களைக் கேட்பார். பெண் பிசகாமல் சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்காது.

பாடசாலை வாசலில் ஒரு பேனர் ஏறியது. நான்கு ஆள் நீளம். 'நாட்டின் முதலாவது காகிதமற்ற தோட்டப் பாடசாலை' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வாசற்கதவை விடப் பெரிதாகப் பணிப்பாளரின் முகம்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அடைமழை பிடித்தது. இரண்டாம் நாள் காற்றில் வீரம்மா வீட்டுத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு தேயிலைக்குள் போய் விழுந்தது. தோட்டத்து ஒபீஸில் சொன்னதற்கு, லயத்துக் கூரைக்கு அடுத்த வருடம்தான் என்றார்கள். டீச்சர் குடையோடு ஓடி வந்தபோது பிரேமினி புத்தகங்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கட்டிலின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். மற்ற மூலைகளில் எல்லாம் சட்டி.

"புவியியல் ஓரம் நனஞ்சிருச்சுங்க டீச்சர்," என்றாள். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

டீச்சர் திரும்பிப் பாடசாலைக்கு நடந்தார். காவலுக்கு இருந்த இராமையா, மழைக்குச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டு வாசலில் நின்றார்.

"இராமையாண்ணே, கத்தி இருக்கா?"

"என்னாத்துக்குங்க டீச்சர்?"

"சேர் நனையிறாரு. பாத்தா பாவமா இருக்கு. எறக்குவோம்."

இராமையா பேனரை அண்ணாந்து பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கத்தியை எடுக்கப் போனார். சாயந்தரத்துக்குள் பேனர் வீரம்மா வீட்டுக் கூரையில் ஏறிவிட்டது. வழுக்காத முதுகுப் பக்கம் வெளியே இருந்தால்தான் கல் வைக்க நிற்கும் என்று ஆட்கள் சொன்னதால், முகம் உள்ளே பார்க்கும்படி விரித்துக் கட்டினார்கள். ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்தப் பிரிவு செய்த பொருட்களில் தரமானது அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து, டீச்சர் மடுவத்தில் நின்றபோது பணிப்பாளரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், திலக்ஷன் அந்தப் பக்கம் வந்தாராம். வாசலில் நம்ம பேனரைக் காணோம்னு சொல்றாரு. காத்துல போயிருச்சா?"

"இல்லீங்க சேர், பத்திரமா இருக்கு. வாசல்ல இருந்தா போற வாறவங்கதான் பாக்குறாங்க. அதான் பிள்ளைங்க படிக்கிற எடத்துலயே கட்டிட்டோம்."

மறுமுனையில் பணிப்பாளரின் குரல் தழுதழுத்தது.

"படிக்கும்போது பார்க்கிறாங்களா?"

"நிமிந்தா ஒங்க மொகந்தாங்க சேர்."

"இதை நான் அறிக்கையில போடணும் டீச்சர். நான் இல்லாட்டி இந்தப் பிள்ளைங்க எப்படிப் படிப்பாங்க?"

"நனஞ்சிருப்பாங்க சேர்," என்று சொல்லி டீச்சர் போனை வைத்தார்.

பிரேமினியின் வீட்டுக்கு வெளியே மழை பணிப்பாளரின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவர் வாயெல்லாம் பல்லாக, கூரையிலிருந்து குனிந்து, காகிதப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரேமினி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓரம் நனைந்து ஒட்டிக்கொண்ட பக்கத்தை நகத்தால் மெல்லப் பிரித்து, அடுத்த பாடத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.